எம்.பி. கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'எந்த எஸ்.எஸ்.டி. வாங்கலாம்?' கட்டுரையில், சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே தகவலைச் சேமிக்கும் இந்த டிரைவ்களில் ஒவ்வொரு மாடலும் நொடிக்கு எத்தனை எம்.பி. (மெகாபைட்) என்று அட்டவணை போட்டிருந்தீர்கள். சினிமா காப்பி செய்ய அது உதவும். பில் போடும் சாப்ட்வேர் அப்படி வேலை செய்வதில்லை. சின்னச் சின்னத் துண்டாக ஆயிரம் முறை கேட்கும். ஒவ்வொரு முறையும் பதில் வர எவ்வளவு நேரம் என்பதுதான் அங்கே பேச்சு.

7,200 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 7,200 சுற்று) ஹார்டு டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லி செகண்ட் ஆகும். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு, அதோடு தகவலைப் படிக்கும் ஹெட் நகரும் நேரம். எஸ்.எஸ்.டி.யில் இரண்டும் கிடையாது. கட்டுரை இதுவரை சரி.

ஆனால் டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் இருப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. காவேரிப்பட்டினம் பக்கம் மாங்காய் சீசனில் மண்டிக் கணக்கை யூ.எஸ்.பி. பெட்டியில் மாட்டிய எஸ்.எஸ்.டி.யிலேயே ஓட்டுகிறவர்கள் உண்டு. புதுசு வாங்கியும் இழுக்கிறதே என்று சர்வீஸுக்குக் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் டிரைவ் நன்றாகத்தான் இருக்கும். மலிவான பெட்டிக்குள் இருக்கும் சிப் ஒரு கட்டளை முடிந்த பிறகே அடுத்ததை வாங்கும். ஆறுவழிச் சாலை போட்டுவிட்டு கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஒரே பூத்தைத் திறந்து வைத்த கதை. யூ.ஏ.எஸ்.பி. என்ற யூ.எஸ்.பி. முறை உள்ள பெட்டி பல கட்டளைகளைச் சேர்த்து வாங்கிக்கொள்ளும்.

டிரைவைக் கேபிள் வழியாக மதர்போர்டில் மாட்டும் சாட்டா இணைப்பிலும் ஒரு வில்லங்கம் உண்டு. மின்சாரம் மிச்சப்படுத்த அது ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனால், விழிக்க 10 மில்லி செகண்ட் வரை எடுத்துக்கொள்ள விதியே அனுமதிக்கிறது. அதாவது பழைய ஹார்டு டிஸ்க் காலத்துத் தாமதம்! பவர் செட்டிங்கில் அதை நிறுத்திவிடலாம். கேபிள் தளர்ந்திருந்தாலும் தகவல் பழுதாகித் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும். டிரைவ் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில், இப்படிப் பழுதானதைக் காட்டும் சி.ஆர்.சி. எரர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். முதலில் கேபிளை மாற்றிப் பார்ப்பது நல்லது.

அப்புறம், என்.வி.எம்.இ. என்ற புதிய முறையில் 65,535 கட்டளை வரிசைகள், சாட்டா டிரைவோடு பேசும் ஏ.எச்.சி.ஐ. முறையில் 32 கட்டளை கொண்ட ஒரே வரிசை என்று சொல்லி மதர்போர்டையே மாற்றச் சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு ஆள் உட்கார்ந்து பில் போட்டால் அந்த 32-ஐ நிரப்புவதே அபூர்வம்.

அடுத்த முறை அட்டவணையில் 4 கே ரேண்டம் ரீடுக்கு (4 கிலோபைட் துண்டுகளை அங்கங்கே இருந்து படிக்க) ஆகும் நேரத்தையும், வெளிப்பெட்டி என்றால் யூ.ஏ.எஸ்.பி. உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் ஒரு வாசகர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.