15 அடி தூரத்துக்குச் சக்கர நாற்காலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரில் ஒரு முதியோர் இல்லத்தில் என் அக்கா இரண்டு ஆண்டுகளாக இருக்கிறார். வயது 79. சென்ற ஆண்டு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும், வாக்கர் பிடித்து நடக்கலாம் என்றுதான் மருத்துவர் சொல்லி அனுப்பினார். ஆனால் கட்டிலிலிருந்து சாப்பாட்டு அறை வரையிலான 15 அடிக்கு வேளை தவறாமல் சக்கர நாற்காலி வந்து நின்றது. மூன்றே மாதத்தில் எழுந்து நிற்கவும் ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. யாரும் அவரைக் கவனிக்காமல் விடவில்லை. கவனிப்பு மிஞ்சியதுதான் வினை. அந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்தவனே நான்தான்.

முதியவர் விழுந்துவிட்டால் பிள்ளைகள் சண்டைக்கு வருகிறார்கள். படுத்தே கிடந்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. "பணம் கட்டுகிறோமே, அம்மாவை ஏன் நடக்க விடுகிறீர்கள்?" என்று வெளிநாட்டு மகன் ஒருவர் வீடியோ அழைப்பில் அதட்டியதை என் காதாலேயே கேட்டேன். ஆயாக்கள் பாவம், என்ன செய்வார்கள்? 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான தசை கரைந்திருந்தது. அக்கா முடங்கியதோ மூன்று மாதம்.

பிறகுதான் மறுவாழ்வுச் செவிலியத்தில், அதாவது முடங்கியவர்களை மறுபடி தாமே இயங்க வைக்கும் செவிலியர் பணியில், பயிற்சி பெற்ற ஒரு சிஸ்டர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். வந்த அன்றே வாக்கரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். இரண்டு கால்களில் ரப்பர் மூடி தேய்ந்து அலுமினியம் பல்லிளித்தது. மூடியை மாற்றி, கைப்பிடியை அக்காவின் மணிக்கட்டு உயரத்துக்கு இறக்கினார். தாழ்ந்த கட்டிலின் கால்களுக்கு மரக்கட்டை கொடுத்தார். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது என்று ஆயாக்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்காருங்கள் அம்மா. தலை சுற்றவில்லையே? பாதத்தைப் பின்னால் இழுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வரட்டும், இப்போது எழுங்கள்." பல் துலக்க, சாப்பிட, கழிப்பறைக்குப் போக என்று ஒவ்வொரு முறையும் இதே பாடம். அக்கா தலைமையாசிரியையாக இருந்தவர், முதல் வாரம் முழுக்கத் திட்டித் தீர்த்தார். இரண்டாம் மாதம் வாக்கரோடு தானே சாப்பாட்டு அறைக்கு வந்தார். குளியலறைக்கு மட்டும் இன்னும் துணை வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் வருகிறார். அவர் சொல்லிக்கொடுத்தது உடம்பில் ஏறுவதும் மறப்பதும் மற்ற நேரமெல்லாம் கூட இருப்பவர்கள் கையில்தான். அந்தச் சிஸ்டர் சென்ற மாதம் கூடுதல் சம்பளத்துக்குப் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்குப் போய்விட்டார். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் போனால் எல்லாம் போய்விடும் என்ற நிலையில் இது இருக்கலாமா?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்துவிட்டது. அரசு அமைக்கும் முதியோர் இல்லங்களில் மருத்துவக் கவனிப்பின் தரத்தை மாநில அரசே வகுக்கலாம் என்கிறது அது. தனியார் இல்லங்களையும் சேர்த்து, நடமாட்டப் பயிற்சி தெரிந்த செவிலியர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று அந்தத் தரத்தில் எழுதினால் என்ன? ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் சமையலறையையும் பதிவேட்டையும் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, எத்தனை பேர் தம் காலால் நடந்து சாப்பிட வருகிறார்கள் என்றும் எண்ணட்டும். வீடு தேடி இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' குழுவினர் இந்த ஆயாக்களுக்கு மாதம் ஒரு நாள் பயிற்சி கொடுத்தாலும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது சக்கர நாற்காலி மறுபடியும் அக்காவின் கட்டிலோரம் நின்றது. அக்காவிடம் கேட்டுக்கொண்டு, அந்த நாற்காலியை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்