கிருஷ்ணகிரி குடோன்காரர்களுக்கு ஒரு ஃபோர்க்லிஃப்ட்காரன் எழுதுவது

கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் பக்கம் குடோன் வைத்திருக்கும் முதலாளிமார்களுக்கும் அதை நடத்தும் மேனேஜர் சார்களுக்கும் வணக்கம்.

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். 14 வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், இப்போது ஷிப்ட் இன்சார்ஜ் என்று பெயர், ஆனால் ஆள் வராத நாளில் வண்டியில் ஏறி உட்காருவது நான்தான். உங்களில் பல பேர் சரக்கு அடுக்கிய பலகையை (பேலட்) ஆள் ஓட்டாமலே தூக்கிப்போகும் ரோபோ வாங்கப் போகிறீர்கள், சில பேர் அட்வான்ஸே கொடுத்துவிட்டீர்கள் என்று கேள்வி. வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரேயடியாக ஆறு, எட்டு என்று இறக்காதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முன்னால் நான் இருந்த ஒரு மாங்கூழ் குடோனில் (பெயர் வேண்டாம்) அப்படித்தான் இறக்கினார்கள். மார்ச் மாதம். ஷெட் பாதிக்கு மேல் காலி. பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியர் தம்பிகள் ஒரு ரோபோவை மெதுவாக எல்லா சந்திலும் ஓட்டிக் காட்டி, சுவர், தூண், கதவு எல்லாவற்றையும் லேசரால் அளந்து வரைபடம் போட்டார்கள். டெமோ அன்று முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் விட்டோம். ஆறும் வரிசையாகப் போனதைப் பார்த்து எனக்கே வயிற்றைக் கலக்கியது, பொய் சொல்வானேன்.

ஜூனில் மாங்காய் வந்தது. பெங்களூரா மாங்காய் சீசன் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ராத்திரி பகல் கிடையாது. டிரம்மை மூன்று அடுக்காக அடுக்கிக்கொண்டே போக, ரோபோ பார்த்து வைத்திருந்த சுவர் எல்லாம் டிரம்முக்குப் பின்னால் மறைந்துபோயிற்று. அதற்குத் தெரிந்த இடம் இல்லை இது. நடுவழியில் நின்று மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டது. அப்புறம் வைஃபை. காலி ஷெட்டில் மூலை முடுக்கெல்லாம் கிடைத்த சிக்னல், இரும்பு டிரம்மும் அதற்குள் கூழும் மலையாக நின்றதும் பின்பக்க வரிசைகளில் சுத்தமாகப் போய்விட்டது. சிக்னல் இல்லையென்றால் அடுத்த வேலை என்ன என்று அதற்குத் தெரியாது, பாவம், நிற்கும். பையன்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். எல்லாரும் ஒதுங்கி வழி விட வேண்டும், சின்னக் குறை என்றாலும் முறைத்துக்கொண்டு நின்றுவிடும், யாராவது போய் சமாதானப்படுத்திக் கூட்டிவர வேண்டும்.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே இடத்தில் ஒரு மாப்பிள்ளை நாலு தரம் நின்றது. எதிரே ஆளும் இல்லை, பொருளும் இல்லை. குனிந்து பார்த்தால், பக்கத்து பேலட்டில் சுற்றிய பிளாஸ்டிக் ஃபிலிமின் வால் ஒரு முழம் பிரிந்து ஃபேன் காற்றில் ஆடுகிறது. லேசருக்கு அது ஒரு ஆள். அந்த வாலை நான் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டதும் கிளம்பிப் போயிற்று. இதற்குள் டாக்கில், அதாவது லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் மேடையில், லாரிக்காரர் இறங்கி வந்து என்னைப் பெற்றவர்களையெல்லாம் விசாரித்துவிட்டார்.

இன்னொன்று என் தப்பு. வண்டியை நிறுத்தும்போது ஃபோர்க்கை, அதாவது முன்னால் நீட்டிய இரும்புக் கைகளை, தரையில் இறக்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். அவசரத்தில் முழங்கால் உயரத்தில் விட்டுவிட்டு இறங்கினேன். ரோபோவின் பாதுகாப்பு லேசர் கணுக்கால் மட்டத்தில் கிடையாகப் பார்க்கும். காலைப் பார்க்கும், பெட்டியைப் பார்க்கும், முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு அதற்குத் தெரியாது. நேரே வந்து முட்டி முகப்பு உடைந்தது. அதனால்தான் சொல்கிறேன், ஆள் ஓட்டும் வண்டியும் ஆளில்லா வண்டியும் ஒரே வழியில் ஓடப் போகிறது என்றால் முதலில் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். ஐ.எஸ்.ஓ. 3691-4 என்று ஆளில்லா வண்டிகளுக்கான பாதுகாப்புத் தரமே இருக்கிறது. வண்டி போகும் பாதைக்கு இருபுறமும் அரை மீட்டர் இடம் வேண்டும் என்கிறது அது. நம் ஷெட்டில் அரை மீட்டர் கிடைத்தால் ஒரு வரிசை டிரம் வைத்துவிடுவோமே!

நீங்கள் செல்போனில் பார்க்கிற அமேசான் வீடியோ வேறு சமாச்சாரம். 2012-இல் கீவா என்ற கம்பெனியை 77.5 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்களே, அந்த வகை ரோபோ தரையில் ஒட்டிய கட்டங்களைப் படித்துக்கொண்டு, அலமாரியைத் தூக்கிக்கொண்டு, ஆட்களே நுழையாத வேலிக்குள் ஓடுவது. நம் குடோனில் வேலி கிடையாது. லோடுமேன், டீக்காரர், கணக்குப்பிள்ளை, சமயத்தில் ஒரு நாய்.

சரி, எங்கே ஆரம்பிக்கலாம்? நீளமான, நேரான, அலுப்பான வழியில். எங்கள் ஷெட்டில் டிரம்மில் கூழ் நிரப்பும் ஃபில்லிங் லைன் முடிகிற இடத்திலிருந்து ஸ்டோர் வாசல் 90 மீட்டர். டிரம்முக்கு 215 கிலோ கூழ், பேலட்டுக்கு 4 டிரம், டிரம் கனமும் பலகையும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு டன். அதைத் தூக்கி 90 மீட்டர் போய், வைத்துவிட்டு வெறும் ஃபோர்க்கோடு 90 மீட்டர் திரும்பி வருவதற்கு லைசென்ஸ் எடுத்த ஓட்டுநர் எதற்கு? அங்கே ஒரு ரோபோ விடுங்கள். நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்தால் போகவர 150 நொடி, எடுக்க வைக்க ஒரு நிமிடம், ஆக மூன்றரை நிமிடம். காகிதத்தில் மணிக்கு 17 நடை. குறுக்கே ஆள் வந்தது, சார்ஜுக்குப் போனது எல்லாம் கழித்து 12 வந்தாலே நான் கை தட்டுவேன். விற்கிறவர் 17-ஐ வைத்துத்தான் உங்களுக்குக் கணக்குக் காட்டுவார்.

டாக்கை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள். லாரி ஒரு நாள் நேராக நிற்கும், ஒரு நாள் கோணலாக நிற்கும், உள்ளே பலகை உடைந்திருக்கும், மழையில் சரிவு வழுக்கும். அது கண்ணும் கையும் வேண்டிய வேலை.

ரோபோவுக்கு முன்னால் செலவு செய்ய வேண்டியது தரைக்கும் பலகைக்கும். பெயர்ந்த சிமென்ட் ஜாயின்ட்டில் சின்னச் சக்கரம் மாட்டும். ஆணி நீட்டிய, அடிப்பலகை தொங்கும் பேலட்டை நாங்கள் ஃபோர்க்கைச் சாய்த்து எப்படியாவது எடுத்துவிடுவோம், அது எடுக்காது. பேலட் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் தடுமாறும். கேமரா வைத்தது சமாளிக்கும், விலையும் அதற்கேற்ப. எங்கள் வெல்டர் இரண்டு இரும்பு ஆங்கிளைத் தரையில் போல்ட் போட்டு முடுக்கினார், பேலட்டை வைத்தால் தானே நேராக உட்காரும். பல லட்சம் ரூபாய் மெஷினுக்கு நடந்த பெரிய உபகாரம் அதுதான். லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டரைத் தூணில் உயரத்தில் ஒட்டியதும் வழி தவறுவதும் குறைந்தது. இதையெல்லாம் மார்ச்சிலேயே எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் பின்னால் வேறு கம்பெனி வண்டியும் சேரும். இன்றைக்கு நொய்டா, குருகிராமிலேயே ரோபோ செய்கிறார்கள், விற்கிற ஒரே ஆளிடம் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. வி.டி.ஏ. 5050 என்று ஜெர்மன்காரர்கள் கொண்டுவந்த பொதுவான பேச்சுமுறை உண்டு, பல கம்பெனி வண்டிகளை ஒரே மேய்ப்பனிடம், அதாவது எல்லா வண்டிக்கும் வேலை சொல்லும் ஒரே சாஃப்ட்வேரிடம், விட அது உதவும். உங்களுடையது அதைப் பேசுமா என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

வேலை விஷயம். ஆட்குறைப்பு வரக்கூடிய இயந்திர மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1947 தொழில் தகராறுச் சட்டத்திலேயே இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் 21 நாள்தான். ஆனால் பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிற காண்ட்ராக்ட் பையனுக்கு அந்தக் காகிதம் கைக்கு வந்து சேராது. அவனுக்குத் தெரிவது, ஒரு நாள் காலையில் மெஷின் நிற்கிறது என்பது மட்டும். அந்தக் கோபத்தில் யாராவது லேசர் மேல் துணியைப் போட்டால் எனக்கு ஆச்சரியம் கிடையாது. எங்கள் ஷெட்டில் மாப்பிள்ளையை நன்றாகச் சமாளித்தது இன்ஜினியர் இல்லை, ஹைட்ராலிக் டிராலி இழுத்துக்கொண்டிருந்த 22 வயசுப் பையன். டேப்லெட்டைக் கையில் கொடுத்து ரெண்டு நாள் சொல்லித் தந்ததோடு சரி. சம்பளம் மட்டும் டிராலி சம்பளமாகவே இருந்தது, சீசன் முடிந்ததும் போய்விட்டான். அவன் போன பிறகு நாலு ரோபோ தார்ப்பாய்க்குள் போயின.

ஆகவே ஐயா, ஒன்று வாங்குங்கள். அதை ஓட்டத் தெரிந்தவனுக்கு ஓட்டத் தெரிந்தவன் சம்பளம் கொடுங்கள். ஒரு சீசன் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பற்றிப் பேசுவோம். டெமோ காட்ட மார்ச்சில் வருகிறோம் என்பார்கள். ஜூலையில், ராத்திரி ஷிப்டில் வரச் சொல்லுங்கள். டீ நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்து ஃபோர்க்லிஃப்ட்காரன்