பச்சிளம் பிள்ளைகளை மடியில் வைத்து அனுப்பாதீர்கள்: சுகாதாரத்துறைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

என் தங்கச்சியின் மகன் குறைமாதத்தில், ஒன்றேகால் கிலோ நிறையோடு பிறந்தவன். முதல் சில நாட்கள் நன்றாகத்தான் இருந்தான். பிறகு ஒரு பின்னேரம் வயிறு ஊதத் தொடங்கியது. இரவாகும்போது தோல் இழுபட்டுப் பளபளத்தது, தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்துவிட்டது. எக்ஸ்றேயைப் பார்த்த டொக்டர், குடலில் ஓட்டை விழுந்து காற்று வயிற்றுக்குள் கசிந்திருக்கிறது, உடனே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, பிறந்த முதல் ஒன்றிரண்டு கிழமைக்குள், சிறுகுடலின் கடைசிப் பகுதி இப்படித் தானாகவே துளைபடுவதுண்டு. உங்களுக்கு இது தெரிந்த விஷயம். நாங்கள் அன்றுதான் கேள்விப்பட்டோம். ஆனால் அதற்குப் பிறகு நடந்த பயணம் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

வந்த அம்புலன்சில் இன்குபேற்றர், அதாவது பிள்ளையைச் சூடு குறையாமல் வைத்திருக்கும் பெட்டி, இல்லை. பிள்ளையைப் பஞ்சாலும் துவாயாலும் சுற்றி என் மடியில் தந்தார்கள். கூட வந்த தாதி, வாய்வழியாக வயிற்றுக்குள் விட்டிருந்த ரியூபில் சிரிஞ்சை வைத்து உள்ளே இருந்ததை இழுத்துக்கொண்டே வந்தார். பச்சை நிறத்தில் வந்தது. மற்றக் கையில் சேலைன். வாகனம் குழியில் இறங்கும்போதெல்லாம் தன்னைப் பிடித்துக்கொள்ள அவருக்கு மூன்றாவது கை இல்லை. இடையில் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. “அக்கா, வயித்தை அமத்தாம நெஞ்சோட அணைச்சுப் பிடியுங்கோ” என்றார். சட்டையைத் திறந்து தோலோடு தோலாக வைத்துக்கொண்டேன். போய் இறங்கியபோது வெப்பமானி 35 காட்டியது. 36.5க்குக் கீழே போகவே கூடாதாம்.

அந்தத் தாதியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இல்லாவிட்டால் பிள்ளை வழியிலேயே போயிருப்பான். உடம்பு குளிர்ந்த குறைமாதப் பிள்ளைக்கு மூச்சு திணறும், இரத்தத்தில் சீனி இறங்கும், மயக்கம் கொடுக்கவும் பயம். அதனால் முதலில் அவனைச் சூடாக்கினார்கள். பிறகு வயிற்றோரம் சின்ன ரியூப் ஒன்றை வைத்துக் காற்றையும் கழிவையும் வடியவிட்டார்கள். கொஞ்சம் தேறிய பின்தான் சத்திரசிகிச்சை. இன்று வீட்டில் இருக்கிறான்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஆதார வைத்தியசாலைகளிலிருந்து பச்சிளம் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல, இன்குபேற்றர் பூட்டிய அம்புலன்சும் அதற்கென்று பயிற்சி பெற்ற தாதியரும் இரவு பகலாகத் தயாராக இருக்க வேண்டும்.

2018 இல் 1990 இலவச அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தபோது எங்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அது வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு என்றால் அங்கே நிற்கிற வாகனம்தான் கதி. நெடுந்தீவுத் தாய்க்கு அதற்கு முன்னால் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் கடலும் கிடக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாய் என்னத்தையோ சாப்பிட்டாளாம், யாரோ சீனித்தண்ணி பருக்கினார்களாம் என்று ஊர் கதைக்கிறது. குடல் முற்றாத பிள்ளைக்குத் தானாக வந்தது இது, தாயில் பிழையில்லை என்று டொக்டர் தெளிவாகச் சொன்ன பிறகும் தங்கச்சி அழுகிறாள். உங்கள் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளோடு, முக்கியமாக அவர்களுடைய மாமிமாரோடு, இதைப் பற்றிக் கதைக்கக்கூடாதா?

புதுக் கட்டடம் என்றால் நாடா வெட்ட வருகிறீர்கள், பெயர் பொறித்த கல்லைப் பதிக்கிறீர்கள். எங்கள் பிள்ளைகளைச் சூடு குறையாமல் கொண்டுபோகும் ஒரு பெட்டியைக் கேட்டால் மட்டும் நிதி இல்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்கிறீர்கள். குடல் துளைபட்ட பிள்ளைக்கு அடுத்த வருடம் வராது ஐயா. பிறந்து ஒரு கிழமை ஆன உயிரைத் துவாயில் சுற்றி அனுப்புவதை நீங்கள் உங்கள் பேரப்பிள்ளைக்கு ஒப்புக்கொள்வீர்களா?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பதை மாற்றவில்லை: இன்குபேற்றர் உள்ள அம்புலன்ஸ், பயிற்சி பெற்ற தாதியர், இரவிலும். அது வரும்வரை, இப்படியான பிள்ளையோடு ஒருவரை அல்ல, இரண்டு பேரை அனுப்ப உத்தரவிடுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு எப்போது கிடைக்கும் என்று எழுத்தில் பதில் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிள்ளையின் பெரியம்மா,
யாழ்ப்பாணம்