ஆண்டறிக்கை 2024–25: மறையூர்ப் பக்கத்து ஆலைக்காரர், கரும்பு விவசாயிகள் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு நகல் அவரவர் வெல்ல ஆலைக்கொட்டகைக்கே போய்ச் சேரும். கிடைக்கவில்லை என்று இந்த வருஷமும் சொல்ல வேண்டியதில்லை.

செயற்குழு ஆறு தடவை கூட்டப்பட்டது. மூன்று தடவை கோரத்துக்கு வேண்டிய ஆள் சேரவில்லை. சுதந்திர தினக் கொடியேற்றம், பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தன. பன்றியும் யானையும் அழித்த கரும்புக்கு நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்தோம். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ் பேசுகிற நமக்கு உள்ள உரிமைப்படி மனு தமிழில் போனது. தமிழில் வரவேண்டிய பதில் மலையாளத்தில் வந்தது. நஷ்டஈடு எந்த மொழியிலும் வரவில்லை.

அடுத்தது வெப்பமானி. வெப்பமானியால்தான் கொப்பரை தீய்ந்தது என்று டீக்கடையில் பேசப்பட்டது; நடந்தது வேறு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரே ஊர் வெல்லச் சரக்கில் ஒரு மூட்டை கல்லாகவும் அடுத்த மூட்டை களியாகவும் இருக்கிறது என்பது மொத்த வியாபாரிகளின் பழைய புகார். பாகைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிற கைப்பதம் தவறே இல்லை. ஆனால் அந்தக் கை உள்ள ஆள் ஒரு வாரம் ஊருக்குப் போனால் அந்த வாரச் சரக்கே தனியாகத் தெரிகிறது. அதற்காகத்தான் நீளக் கம்பி வைத்த வெப்பமானி மூன்று வாங்கினோம். பயிற்சிக் கையேட்டில் கட்டி வெல்லத்துக்கு 118 டிகிரி என்று இருந்தது. அதைப் பார்த்து இறக்கிய முதல் கொப்பரை தீய்ந்தது; உருண்டை பிடிக்கவே வரவில்லை. இது உண்மை, மறைக்கவில்லை.

காரணம் கருவியில் இல்லை, நம் உயரத்தில் இருக்கிறது. கையேடு சமவெளிக்கு எழுதியது. அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாகு அதற்கு மேல் 18 ஏறும்போது பதம். மறையூர் சுமார் 1,000 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 97க்குக் கொஞ்சம் முன்னாலேயே கொதித்துவிடும். ஆகவே நமக்குப் பதம் 114, 115. காந்தளூர் மேட்டில் இன்னும் ஒன்றரை, இரண்டு டிகிரி குறையும். செய்யவேண்டியது இவ்வளவுதான்: காலையில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதே வெப்பமானியில் பார்த்து, வருகிற எண்ணோடு 18 கூட்டிச் சுவரில் கரியால் எழுதிவையுங்கள். கருவியில் சின்னப் பிழை இருந்தாலும் அதிலேயே கழிந்துவிடும். சக்கைத் தீயை நினைத்த உடனே தணிக்க முடியாது. கடைசி ஏழெட்டு டிகிரி சில நிமிஷத்தில் ஏறிவிடும். நான்கைந்து டிகிரி பாக்கி இருக்கும்போதே அடுப்பில் சக்கை தள்ளுவதை நிறுத்திவிடவேண்டும். இந்தக் கணக்குக்குப் பிறகு ஒரு கொப்பரையும் தீயவில்லை. இதைச் சொல்வதற்கு மட்டும் டீக்கடையில் ஆள் இல்லை.

களிச் சரக்குக்குக் காரணம் பெரும்பாலும் பதத்துக்கு முன்னாலேயே தொடங்குகிறது. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் ஆட்டவேண்டும். வண்டி வரவில்லை, ஆள் வரவில்லை என்று மூன்று நாள் போட்டுவைத்தால் கரும்புக்குள்ளேயே சர்க்கரை உடைந்து புளிக்கும். பிறகு எந்தப் பதத்தில் இறக்கினாலும் இறுகாது. சாய்ந்துபோன கரும்பும், யானை மிதித்துக் கீறிய கரும்பும் அப்படியே. அடுத்தது சுண்ணாம்பு. புதுக் கரும்புப் பாலைப் புளிப்பு (pH) காட்டும் சோதனைத் தாளில் பார்த்தால் 5.2 முதல் 5.5 வரை காட்டும். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 6.4 பக்கம் கொண்டுவந்தால் போதும். குறைந்தால் கொதியில் சர்க்கரை உடையும். கூடினால் நிறம் கறுத்து உப்புக் கரிக்கும். அழுக்குத் திரளுவது கொதி வருவதற்கு முன்னால்தான். வெண்டைத் தண்டை இடித்து ஊறவைத்த கொழகொழப்பை விட்டு அப்போதே வழித்துவிடவேண்டும். தளதளவென்று கொதித்துவிட்டால் அழுக்கு பாகோடு கலந்துவிடும், பிறகு எடுக்க வராது.

ஹைட்ரோஸ், அதாவது வெல்லத்தை வெளுக்கவைக்கிற கந்தக மருந்து, போடுவதில்லை என்று தீர்மானம் போட்டோம். கையெழுத்திட்டவர்களில் சிலர் இன்னும் போடுகிறார்கள், வாசனை காட்டிக்கொடுக்கிறது. அது தருகிற மஞ்சள் சில வாரத்தில் மங்கிவிடும். கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டினால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டுவோம். அதையும்விட, நம் வெல்லத்துக்கு அடையாளமே அந்தக் கரும்பழுப்பும் கையால் பிடித்த உருண்டையும்தான். வெளுக்கவைத்துக் கொடுத்தால் சமவெளி வெல்லத்தோடு அதன் விலைக்கே போட்டி போடவேண்டும். மலையேறி வந்த செலவை யார் தருவார்?

ஓணத்துக்குக் கட்டிய ஒரு கிலோ பைகளில் ஒரு பகுதி பூசணம் பிடித்துத் திரும்பியது. சூடு ஆறுமுன் கட்டியதால் உள்ளே வியர்த்துவிட்டது. இனி ஓர் இரவு சாக்கில் பரப்பி ஆறவிட்ட பிறகே பை. 2022 ஜூலை 18 முதல் பெயர் ஒட்டிக் கட்டிய வெல்லத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, சில்லறையாக அள்ளிக் கொடுப்பதற்கு இல்லை என்பதையும் விலை போடும்போது மறக்கவேண்டாம்.

மறையூர் வெல்லம் என்ற பேருக்குப் புவிசார் குறியீடு (ஜிஐ) 2019இல் கிடைத்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் பாடுபட்டது. குறியீடு கிடைத்துவிட்டது என்பதால் ஆளாளுக்கு முத்திரை ஒட்டிக்கொள்ள முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியே பதியவேண்டும். ஜிஐ-3 படிவம், விவர அறிக்கை, பிரமாணப் பத்திரம் ஆகியவை சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்குப் போகவேண்டும். 2020க்குப் பிறகு கட்டணம் 10 ரூபாய்தான், ஒரு டீ விலை. அதுவும் நடக்காததற்கு இரண்டு காரணம். ஒன்று, பெயர் ஒத்துப்போவதில்லை: ஆதாரில் தகப்பனார் முதலெழுத்து, கரம் (நிலவரி) ரசீதில் வீட்டுப் பெயர், ரேஷன் கார்டில் வேறு எழுத்துக்கூட்டு. இரண்டாவது, பாட்டத்துக்கு (குத்தகைக்கு) ஓட்டுகிறவர்களிடம் நில ரசீதே இல்லை. குத்தகைச் சீட்டு எழுதிக் கொடுக்க நில உடைமைக்காரர்கள் தயங்குகிறார்கள். இரண்டுக்கும் வழி பார்த்துத் தாள்களைத் தயார் செய்துவைத்தேன். கையெழுத்துப் போட மூன்று ஞாயிற்றுக்கிழமை அழைத்தும் வந்தவர்களை ஒரு ஜீப்பில் ஏற்றிவிடலாம். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டதால் முத்திரை எதற்கு என்று கேட்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: நம் மூட்டையோடு கீழ்நாட்டு வெல்லத்தைக் கலந்து நம் பேரில் விற்கிறார்கள் என்று மேடைதோறும் சொல்கிறோமே, எது நம்முடையது என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

வரவு செலவு ஏறத்தாழ சமம். விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம். ‘இதர செலவு’ கொஞ்சம் கூடுதல்தான். தீய்ந்த கொப்பரைக்கு ஆலைக்காரருக்குக் கொடுத்த தொகையும் அதில் அடக்கம். சந்தா பாதிக்கு மேல் பாக்கி. பட்டியல் கொண்டுவந்திருக்கிறேன், வாசிக்கவில்லை. உறுப்பினர் பட்டியலையும் கணக்கையும் பதிவாளருக்கு அனுப்பவேண்டியிருக்கிறது; பாக்கிக்காரர் பெயரை வைப்பதா எடுப்பதா என்பதைப் பொதுக்குழுவே சொல்லட்டும்.

ஊராட்சிக்கும், கிருஷிபவனுக்கும் (வேளாண் அலுவலகம்), கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும் நன்றி.

வருகிற ஓணம் 2025 செப்டம்பர் 5ஆம் தேதியே வந்துவிடுகிறது. சரக்கு ஜூலைச் சாரலில் காயவேண்டியிருக்கும். பொதுக் கொட்டகைக்குக் கூரைத் தகடு மாற்றாமல் அது ஆகாது. தகடு சந்தாவில்தான் வாங்கமுடியும். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் சந்தோஷமே. சாவி, ரசீதுப் புத்தகம், ஜிஐ-3 தாள்கட்டு எல்லாம் இன்றே ஒப்படைக்கத் தயார். பாக்கிப் பட்டியலும் அந்தக் கட்டோடுதான் வரும்.

வெப்பமானி மூன்றில் ஒன்று கீழாந்தூர்ப் பக்கம் போனது இன்னும் திரும்பவில்லை. ஆடி பிறக்குமுன் வந்துவிட்டால் நல்லது.

செயலாளர்