ஒரு வருஷம் ஆகும் என்று சொன்னவருக்கும் மற்றவர்களுக்கும்

சேலம் அம்மாப்பேட்டை அண்ணனுக்கும், தொழிற்சங்கத்துத் தோழருக்கும், கோரிமேட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்து அம்மாவுக்கும், ஏற்காட்டு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டருக்கும், சேலம் குகைப் பகுதியில் எங்கள் தெருக்காரர்களுக்கும், இன்னும் பேர் தெரியாத சிலருக்கும் வணக்கம்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஐந்து ரோடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். 2024 ஜூன் 3-ஆம் தேதி சேர்ந்தேன், முதல் சம்பளமும் வாங்கிவிட்டேன். பழைய சம்பளத்தைவிட 4,500 ரூபாய் குறைவு. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்வதுதான் முறை. ஆனால் எனக்காக யார் யார் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கே ஒருவருக்கொருவர் தெரியாது. அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த நூல் மில் நின்றது 2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கள் ஆடி பிறந்தது. 14 வருஷம் அங்கே கரண்ட் வேலை பார்த்தவன் நான். அது திடீரென்று நடந்ததாகச் சொல்ல மாட்டேன். 2022 மே மாதம் பஞ்சு ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோதே முதலாளி முகம் மாறிவிட்டது. அப்புறம் பஞ்சு இறங்கியது, ஆனால் நூலுக்கு ஆர்டர் வரவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. மில்லுக்கென்று இவ்வளவு மின்சாரம் ஒதுக்கி வைப்பதற்கு மாதா மாதம் கட்டுகிற டிமாண்ட் சார்ஜ், ஒரு கேவிஏ என்ற அளவுக்கு 350 ரூபாயாக இருந்தது 550 ஆனது. மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாங்கி வைத்திருக்கும் டிமாண்டில் 90 சதவீதத்துக்குக் கட்டியே ஆக வேண்டும். மூன்று ஷிப்ட் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, கடைசியில் நூல் நூற்கிற ரிங் பிரேம் எல்லாம் துணி போர்த்திக்கொண்டு நின்றபோதும் அந்த பில் மட்டும் மாதா மாதம் வந்தது. அதை வாங்கி ஆபீசில் கொடுப்பது என் வேலை.

வேலை போன வாரத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "உங்க அனுபவத்துக்கு ரெண்டு மாசத்துல கிடைச்சுடும்ங்க." நல்ல மனசோடுதான் சொன்னார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் செப்டம்பர் முடிந்ததும் அந்த இரண்டு மாதம் என் கழுத்தில் விழுந்தது. எல்லாருக்கும் இரண்டு மாதத்தில் கிடைப்பது எனக்குக் கிடைக்கவில்லையே, அப்படியானால் என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று தோன்றத் தொடங்கியது.

அண்ணே, நீங்கள் ஒருவர்தான் வேறு மாதிரி பேசினீர்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் பழைய ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஒரு வருஷம் ஆகும்னு வெச்சுக்க தம்பி. வயசு 46. மில்லுங்க எல்லாம் ஆளைக் குறைச்சுட்டு இருக்கான். ஒரு வருஷத்துக்குக் கணக்குப் போடு" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆறுதல் தேடி வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். நீங்கள் விடவில்லை. "உன் வீட்டு டிமாண்ட் சார்ஜ் எவ்வளவு?" என்று கேட்டீர்கள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். வாடகை 6,500. மளிகை, பால் 6,000. அம்மாவுக்கு மாத்திரை 1,800. கேஸ், கரண்ட், போன் 1,500. சீட்டு 2,000. மொத்தம் 17,800. நான் ஓடாமல் நின்றாலும் கட்ட வேண்டியது அவ்வளவு. வருஷத்துக்கு 2,13,600. அதை ஒரு தாளில் பார்த்த பிறகுதான் தூங்கினேன் என்றால் நம்புவீர்களா? தொகை பெரிதுதான். ஆனால் அதுவரை எனக்கு இருந்த பயத்துக்கு எல்லையே இல்லை, இதற்கு ஓர் எல்லை இருந்தது.

சங்கத்துத் தோழரே, நான் சந்தா கட்டியதைவிடக் கிண்டல் செய்ததுதான் அதிகம். ஆனாலும் பணிக்கொடைக்கு நீங்கள்தான் மனு எழுதினீர்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 16,900, அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அப்புறம் 14 வருஷத்தால் பெருக்கினால் 1,36,500 என்று பென்சிலில் போட்டுக் காட்டினீர்கள். 30 நாளில் தர வேண்டிய பணம். தாமதித்தால் வட்டியும் உண்டு என்று மனுவில் நீங்கள் சேர்த்த ஒரு வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். இரண்டு தவணையாக வந்தது, பொங்கலுக்கு முன்னால் கணக்கு முடிந்தது.

நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் இருந்த பெண்களுக்கு நீங்கள் செய்ததையும் இங்கே சொல்ல வேண்டும். எனக்கு 21,000-க்கு மேல் சம்பளம் என்பதால் இஎஸ்ஐ காப்பீடு கிடையாது, அவர்களுக்கு உண்டு. வேலை போனவர்களுக்குச் சராசரி தினக்கூலியில் பாதியை 90 நாள் வரை இஎஸ்ஐ அப்போது கொடுத்தது, வாழ்நாளில் ஒரு முறை மட்டும். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். பெயரைச் சொல்லவே தனிப் பயிற்சி வேண்டும், அதனால்தானோ என்னவோ மில்லில் ஒருத்தருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. மூன்று பேருக்கு வாங்கிக் கொடுத்தீர்கள்.

பிஎஃப் கதை எனக்கு இன்னும் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருக்கிறது. ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் இனிஷியல். பிஎஃப் பதிவில் அப்பா பெயர் முழுசாக முன்னால். நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தத் தலைவலி உண்டு. திருத்த வேண்டுமானால் அப்போது நிறுவனத்தின் கையெழுத்து வேண்டியிருந்தது. நிறுவனமே பூட்டிக் கிடக்கிறது, கேட்டில் வாட்ச்மேன் மட்டும்தான் இருக்கிறார். மூன்று முறை திரும்பி வந்த பிறகு, இ-சேவை மையத்தில் டைப் அடிக்கும் தங்கச்சிதான், "அண்ணா, கம்பெனி மூடியிருந்தா பேங்க் மேனேஜர் மாதிரி ஆளுங்க கையெழுத்துப் போட்டாலும் ஏத்துக்குவாங்க, கேட்டுப் பாருங்க" என்றது. மேனேஜர் பாஸ்புக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போட்டுவிட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிஷத்துக்காக நான் அலைந்தது ஏழு வாரம். பணம் வந்ததும் முழுவதையும் எடுக்கத்தான் கை அரித்தது. 17,800 எழுதிய தாள் தடுத்தது. பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவைத்தேன்.

கோரிமேட்டு அம்மா, உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது. ஐடிஐ முடித்துப் பதிந்த என் பதிவு, புதுப்பிக்காமல் எப்போதோ காலாவதியாகியிருந்தது. "மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும் சார், இப்ப புதுசாத்தான் பதியணும்" என்றீர்கள். அரசு வேலைக்கு என் வயதில் அதனால் பெரிய பயன் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். அதோடு அனுப்பியிருக்கலாம். நீங்கள் என் பைலைப் புரட்டி, சூப்பர்வைசர் தகுதிச் சான்று புதுப்பிக்கப்படாமல் கிடப்பதைக் கண்டுபிடித்தீர்கள். "முதல்ல இதைச் சரி பண்ணுங்க. அப்புறம் வெள்ளிக்கிழமை முகாமுக்கு வாங்க." அந்தச் சான்றைத்தான் ஏப்ரல் முகாமில் மருத்துவமனைக்காரர்கள் முதலில் கேட்டார்கள்.

இடையில் ஏற்காடு. எஸ்டேட் ரைட்டர் அவர்களே, டிசம்பரில் நீங்கள் கூப்பிட்ட அன்று நான் மூன்று நாளாகச் சவரம் செய்யாமல் படுத்திருந்தேன். காப்பிப் பழ சீசன், பழத்தோலை உரிக்கிற பல்பர் மெஷினின் மோட்டார் காயில் எரிந்துவிட்டது, பறித்த பழத்தை அன்றன்றே பல்பரில் போடாவிட்டால் குவியலிலேயே புளித்துவிடும் என்று பதறினீர்கள். கடைசி பஸ்ஸில் இருபது வளைவும் ஏறி வந்து சேர்ந்தபோது குளிரில் கை விறைத்திருந்தது. ஒரு பேஸ் போய், மீதி இரண்டில் இழுத்து எரிந்த மோட்டார் அது. ஸ்டோரில் ஒரு பழைய மோட்டார் கிடந்ததைத் தட்டிக்கொட்டி மாட்டி ஓட விட்டபோது மணி ஒன்றரை. பழம் பிதுங்கி, கொட்டை வழுக்கிக்கொண்டு தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டதே, ஐந்து மாதத்துக்குப் பிறகு நான் ஓட வைத்த முதல் மெஷின் சத்தம் அது. நீங்கள் கொடுத்த கருப்புக்காப்பியைக் குடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அழுதேன் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்வதாகக் கேள்வி. புகைதான் காரணம்.

அதன் பிறகு பிப்ரவரி வரை வாரம் மூன்று நாள் வேலை கொடுத்தீர்கள், நாளைக்கு 900 ரூபாய். ஆனால் பணத்தைவிட, செவ்வாய், புதன், வியாழன் என்று வாரத்துக்கு மறுபடி ஓர் உருவம் கிடைத்ததுதான் பெரிசு. வேலை இல்லாதவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது.

என் நோட்டில் இருக்கிற கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இப்போது தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும். 63 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். 9 இடத்தில் நேர்முகம். விண்ணப்பம் போட்டு முதல் போன் வரவே மூன்று வாரம், நேர்முகத்துக்குக் கூப்பிட இன்னும் இரண்டு வாரம், அப்புறம் "சொல்லி அனுப்பறோம்". அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை வாரம் காத்திருப்பது என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. இல்லை என்று சொல்வதற்காகவே கூப்பிட்டவர் ஒரே ஒருவர், ஓசூரில் ஒரு கம்பெனியின் ஹெச்ஆர் பெண். "சார், வேற ஆளை எடுத்துட்டாங்க. நீங்க காத்துட்டு இருக்க வேண்டாம்னுதான் கூப்பிட்டேன்." அம்மா, நீங்கள் யாரென்று தெரியாது. அந்த வாரமே வேறு இரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டேன். நன்றாக இருங்கள்.

தெருவில், மளிகைக் கடைக்காரர் ஒரு நாள்கூட நாலு பேர் முன்னால் நோட்டை எடுத்ததில்லை. தட்டுவடை செட்டு வண்டி அக்கா என் பையனிடம் காசு வாங்க மறந்துபோனது எப்படியும் முப்பது தடவை இருக்கும், அவ்வளவு மறதி. எதிர்வீட்டுப் பட்டறைக்காரர் கொலுசுக்குச் சலங்கை கோர்க்கிற வேலையை என் மனைவிக்குக் கொடுத்தார், கூலியைச் சனிக்கிழமை தவறாமல் கொடுத்தார். மனைவியைப் பற்றி எழுதக் கூடாது என்று உத்தரவு. "வீட்டு ஆளுக்கு யாராவது நன்றி சொல்வாங்களா?" என்றாள். சரி.

அண்ணே, கடைசியாக உங்கள் விஷயம். ஏற்காட்டுக்குப் போகிற அன்று கரண்ட் அளக்கிற உங்கள் டாங் டெஸ்டரை என் பையில் போட்டு, "சொந்தமா ஒரு வேலை கிடைச்சதும் கொண்டாந்து குடு, அதுவரைக்கும் கேக்க மாட்டேன்" என்றீர்கள். கேட்கவே இல்லை. பேட்டரி புதுசாகப் போட்டுவிட்டேன், வாய் கொஞ்சம் தளர்ந்திருந்தது, ஸ்பிரிங் மாற்றியிருக்கிறேன். மில் நின்றதிலிருந்து வேலையில் சேர்ந்தது வரை 325 நாள். நீங்கள் போட்ட கணக்கில் 41 நாள் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷிப்ட் முடிந்ததும் நேரே அம்மாப்பேட்டைக்கு வருகிறேன், வீட்டில் இருங்கள். இந்தத் தடவை டீயை முழுசாகக் குடிப்பேன்.

குகையிலிருந்து,
உங்கள் தம்பி