அது நரம்பு அல்ல, சிரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழின் மருத்துவப் பக்கத்தில் நரம்பு புடைத்துத் தெரிவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். சொன்ன விஷயங்கள் சரிதான். ஆனால் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை ‘நரம்பு’ என்றே போட்டிருந்தது உறுத்தியது. தோலுக்கடியில் பச்சையாகத் தெரிவது நரம்பே இல்லை. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை அது.

பேச்சில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம் என்று தோன்றலாம். என் அம்மா நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர். வலது முழங்காலின் உட்புறத்திலிருந்து கெண்டைக்கால் வரை விரல் தடிமனில் ஒன்று நெளிந்து இறங்கும். நின்றால் புடைக்கும், படுத்தால் அமுங்கிவிடும். நரம்பு சுருட்டிக்கொண்டது என்று அவரே முடிவு கட்டி, இரண்டு வருடம் நரம்பு மாத்திரை விழுங்கினார். மாலையானால் கால் கனக்கும். செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரை மறையாது. உள் கணுக்காலுக்கு மேலே முதலில் அரிப்பு, அப்புறம் தோல் பழுப்பேறிக் கறுத்தது. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். சொறிந்த இடம் ஒருநாள் புண்ணாகி, ஐந்து மாதம் ஆறவே இல்லை.

இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது திரும்ப இறங்காமல் சிரைக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் மூடிக்கொள்கின்றன. கையில் கட்டுப்போட்டு, புடைத்த சிரையை விரலால் நீவி, இது ஒருவழிப் பாதை என்று ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-லேயே விளக்கிவிட்டார். வால்வு பழுதானால் இரத்தம் கீழேயே தேங்கும். அந்த அழுத்தத்தில் கசியும் சிவப்பணுக்களின் இரும்புச்சத்துதான் தோலைக் கறுக்க வைக்கிறது. இதற்கு நரம்பு மாத்திரை என்ன செய்யும்? இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இல்லை என்று பார்த்துவிட்டு இறுக்கக் கட்டுப் போட்டார்கள், பிறகு லேசரில் அந்தச் சிரையை மூடினார்கள். புண் ஆறியது.

இன்னொரு பக்கம், உடற்பயிற்சி செய்யும் என் தம்பி மகன் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்துப் பயந்துபோனான். கொழுப்பு குறைந்த உடம்பில், தசை விம்மும்போது, வெயிலில், வயதாகித் தோல் மெலியும்போது கையில் சிரை தெரிவது இயல்புதான். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன். புடைப்பு அமுங்கியது, அவனும் அமைதியானான்.

உண்மையில் பயப்பட வேண்டியவற்றுக்கு நீங்கள் ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே கழுத்துச் சிரை புடைத்து, மூச்சும் வாங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். வயிறு வீங்கி, தொப்புளைச் சுற்றிச் சிரைகள் கிளம்பினால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, வலித்தால் ஆழத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதில் வெளியே சிரையே தெரியாமலும் போகலாம். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறும், உயிரே போகலாம். அதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கணுக்கால் அருகே புடைத்த சிரை உடைந்து இரத்தம் பீறிட்டால் என்ன செய்வது என்பதும் விட்டுப்போயிருந்தது. உடனே படுக்க வைத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் விடாமல் அழுத்தி, மருத்துவ உதவியைக் கூப்பிட வேண்டும். பலர் பதற்றத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள், இரத்தம் இன்னும் கொட்டும்.

அடுத்த முறை சிரை என்றே எழுதுங்கள். கடினமாகப் பட்டால் வெரிகோஸ் வெயின் என்றாவது போடுங்கள். புடைத்த கையின் படத்துக்குப் பதிலாகக் கறுத்த கணுக்காலின் படத்தைப் போடுங்கள். அப்படி ஒரு படத்தை முன்பே பார்த்திருந்தால், அம்மா அழுக்கென்று தேய்த்தபோது நான் தடுத்திருப்பேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி