அடியில் அச்சான ஆண்டு காரின் வயது ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய ரேடியோ கட்டுப்பாட்டு ஸ்டாக் கார்களைச் சேகரிப்பது பற்றி வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தோம். தமிழில் இதை எழுத ஒருவர் முன்வந்ததே பெரிது. ஆனால் கூடவே வந்த கறுப்பு 3-ஆம் எண் காரின் படத்துக்குக் கீழே '1988' என்று போட்டிருந்தீர்கள். நாஸ்கார் என்னும் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தில் ஓட்டிய டேல் எர்ன்ஹார்ட், நீலம்-மஞ்சள் ராங்க்ளர் விளம்பர வண்ணத்தை விட்டுக் கறுப்பு குட்ரெஞ்ச் விளம்பர வண்ணத்துக்கு மாறியது 1988-இல்தான், அதுவரை சரி. படத்தில் இருக்கும் பாடியோ ஷெவர்லே லூமினா மாடலுடையது. லூமினா நாஸ்கார் களத்தில் இறங்கியது 1989 மே மாதம். ஆகவே அந்தப் பொம்மை 1988-இல் செய்யப்பட்டிருக்க வழியில்லை.

படக்குறிப்பில் ஒரு பிழை என்றால் விட்டிருப்போம். "காரைத் திருப்பிப் பாருங்கள், அடியில் ஆண்டு இருக்கும், அதுவே அதன் வயது" என்ற ஆலோசனைக்காகத்தான் எழுதுகிறோம். அடித்தட்டில் புடைப்பாக இருக்கும் ஆண்டு, பெரும்பாலும் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு வெட்டிய ஆண்டு, அல்லது பதிப்புரிமை ஆண்டு. எஃகு அச்சு வெட்டுவதுதான் பெரிய செலவு. வெட்டிவிட்டால் பல ஆண்டுகளுக்கு அதையே ஓட்டுவார்கள், மேலே பாடியை மட்டும் மாற்றிக்கொண்டு. ஜப்பானின் டாமியா 1984-இல் வெளியிட்ட ஹார்னெட் பக்கி காரை 2004-இல் மறுபடியும் வெளியிட்டது. பழையது 58045, புதியது 58336 என்று பெட்டியில் உள்ள கிட் எண்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இணைய ஏலத்தில் பெட்டியைக் காட்டாமல் கார் மட்டும் படம் போடுகிறார்கள் என்றால் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த அடையாளமும் "இதற்கு முன்னால் இது செய்யப்படவில்லை" என்பதை மட்டும்தான் சொல்லும். அச்சில் உள்ள ஆண்டு, பாடியின் மாடல், ஸ்டிக்கரில் உள்ள விளம்பரம், பெட்டியில் உள்ள முகவரி, ரேடியோ என ஒவ்வொன்றுக்கும் ஒரு கீழ் எல்லை எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் எது பிந்தியதோ, இப்போது உங்கள் கையில் இருக்கும் காரின் கீழ் எல்லை அதுதான். பிந்திய அடையாளம் ஒன்றே ஒன்றுதான், மற்றவை எல்லாம் பத்தாண்டு முந்தியவை என்றால், அந்த ஒன்று பின்னால் மாட்டப்பட்டதாக இருக்கலாம்.

பாடியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் ஸ்டாக் காரில் அதுதான் அதிகம் பேசும். ஷோரூமில் விற்கும் மாடலின் பெயரோடும் வடிவத்தோடும்தான் நாஸ்காரில் ஓட வேண்டும் என்பது வழக்கம். கம்பெனி மாடலை மாற்றினால் பந்தயக் காரும் மாறியாக வேண்டும். லூமினா 1989 முதல் 1994 வரை. 1995-இல் மான்டி கார்லோ திரும்பி வந்தது. ஃபோர்டில் தண்டர்பேர்ட் 1997-ஓடு முடிந்து 1998-இல் டாரஸ் வந்தது. டாட்ஜ் இன்ட்ரெபிட் என்றால் 2001 அல்லது அதற்குப் பின். வண்ணத்தையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் சுருங்கும். ஓட்டுநர் ஜெஃப் கோர்டனின் 24-ஆம் எண் கார், டூபான்ட் விளம்பர வானவில் வண்ணத்தில் 1992-இன் கடைசிப் பந்தயத்தில் ஓடத் தொடங்கி 2000 வரை இருந்தது. 2001-இல் தீப்பிழம்பு வண்ணம் வந்தது. வானவில் வண்ணமும் மான்டி கார்லோ பாடியும் சேர்ந்திருந்தால் மூலக் காரின் காலம் 1995-க்கும் 2000-க்கும் நடுவில். பொம்மை அதற்குப் பிறகும் வார்க்கப்பட்டிருக்கலாம், முன்னால் இருக்காது. முன்பக்கக் கண்ணாடியின் மேலோ பக்கவாட்டிலோ நாஸ்காரின் முதன்மைத் தொடருக்கு அன்றிருந்த பெயரான 'வின்ஸ்டன் கப்' இருந்தால் அந்த வடிவமைப்பு 2003-க்குள் உருவானது, அடுத்து வந்த பெயரான 'நெக்ஸ்டெல்' என்றால் 2004 அல்லது அதற்குப் பின்.

எண்ணை மட்டும் பார்ப்பது ஆபத்து. 43 என்றதும் புகழ்பெற்ற ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியின் கார் என்று விலையை ஏற்றுகிறார்கள். அவர் 1992 இறுதியில் ஓய்வு பெற்றபின் அதே எண்ணில் வேறு ஓட்டுநர்கள் ஓட்டினார்கள். எண் அணியோடு போகும். ஓட்டுநரின் பெயர் கதவுக்கு மேலே கூரை விளிம்பில் சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். பீர், சிகரெட் விளம்பரம் இல்லாத கார் போலி என்று நினைத்துவிடவும் வேண்டாம். குழந்தைகளுக்கான பொம்மையில் அவற்றை நீக்கி வேறு எழுத்து போட்டதுண்டு.

பொம்மை வகைக் காரில் எழுத்துகள் பெரும்பாலும் டாம்போ அச்சு, அதாவது மென்மையான திண்டால் மையை ஒற்றி எடுப்பது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் நிறம் இடைவெளியின்றி முழுதாகப் படிந்திருக்கும். இன்க்ஜெட்டில் எடுத்த நகல் ஸ்டிக்கர் என்றால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். ஆர்வலர்கள் போட்டிகளில் ஓட்டும் பந்தய வகை ரேடியோ காரில் பாடி லெக்ஸான் என்னும் பாலிகார்பனேட் தகடு. ஒளி ஊடுருவும் நிலையில் விற்று, வாங்கியவர் உட்புறம் பெயின்ட் அடித்து, வெட்டி, நான்கு கிளிப்பில் மாட்டுவது. அதில் "கம்பெனி பெயின்ட்" என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். பாடி செய்தவரின் பெயர் கண்ணாடிப் பகுதியிலோ பம்பரின் கீழோ புடைப்பாக இருக்கும்: ஒஹாயோவின் பார்மா, ஜார்ஜியாவின் போலிங்க் போன்றவை. நான்கு கிளிப்பைக் கழற்றி வேறு பாடி மாட்ட ஒரு நிமிடம் போதும். அதனால் பந்தய வகையில் பாடி காட்டும் காலமும் சேஸிஸ் (அடிச்சட்டம்) காட்டும் காலமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

பெட்டியும் லேபிளும். அமெரிக்க முகவரியில் அஞ்சல் எண் ஐந்து இலக்கத்துக்குப் பின் கோடு போட்டு நான்கு இலக்கமாக நீண்டால் 1983 அல்லது பிந்தியது. இணைய முகவரி இருந்தால் தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்கு முன் போகாது. குறுக்குக் கோடு போட்ட சக்கரக் குப்பைத்தொட்டிப் படம் ஐரோப்பாவில் 2005-இல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிக்கானது. "எண்பதுகளின் ஒரிஜினல்" என்று விற்கப்படும் பெட்டியில் இந்தத் தொட்டி இருந்தால் அங்கேயே பேச்சு முடிந்தது. ரேடியோ ஷாக் என்னும் அமெரிக்க மின்னணுக் கடைகளில் விற்றவற்றில் 60 என்று தொடங்கும் பட்டியல் எண்ணோடு, பேட்டரி அறையில் 9ஏ3 போன்ற ஒரு குறி காணப்படும். முதல் எண் மாதம், கடைசி எண் ஆண்டின் கடைசி இலக்கம். 9ஏ3 செப்டம்பர் 1983-ஆ 1993-ஆ என்று அந்தக் குறி சொல்லாது, மேலே இருக்கும் பாடி சொல்லிவிடும்: கோர்டனின் லூமினா என்றால் 1993. ரேடியோ ஷாக் தானே செய்யாமல் வேறு நிறுவனங்களிடம் செய்து வாங்கிப் பெயர் போட்டவை நிறைய. உண்மையில் யார் செய்தது என்று தேட, அடியில் உள்ள எப்.சி.சி. ஐ.டி.யின் (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைய அனுமதி எண்) முதல் மூன்று எழுத்துகள் உதவும்; அவை அனுமதி பெற்ற நிறுவனத்தின் குறி.

அளவை நம்பாதீர்கள், ஸ்கேலை எடுத்து அளந்துவிடுங்கள். 1981 முதல் நாஸ்கார் கார்களின் வீல்பேஸ் 110 அங்குலம், அதாவது 2,794 மி.மீ. முன் சக்கர அச்சின் நடுவிலிருந்து பின் சக்கர அச்சின் நடு வரை 27.9 செ.மீ. இருந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 செ.மீ. என்றால் 1/14, 17.5 செ.மீ. என்றால் 1/16. பெட்டியில் 1/10 என்று போட்டு உள்ளே 20 செ.மீ. இருந்தால் பெட்டி வேறு காருடையதாக இருக்கலாம். பந்தய வகைச் சேஸிஸுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஒரே சேஸிஸில் பல பாடிகள் ஏறும்.

பந்தய வகையில் கவனிக்க வேண்டியது திருகும் பற்சக்கரமும். அசோசியேட்டட் ஆர்.சி.10எல் போன்ற அமெரிக்கத் தட்டைச் சேஸிஸ்களில் அங்குலக் கணக்கு: 4-40 திருகு, கால் அங்குலப் பின் அச்சு (6.35 மி.மீ.), 48 அல்லது 64 பிட்ச் (பற்களின் நெருக்க அளவு) கியர். 4-40 திருகும் 3 மி.மீ. திருகும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். முன்னதன் விட்டம் 2.84 மி.மீ. ஆனால் 4-40-இல் ஓர் அங்குலத்துக்கு 40 புரி, 3 மி.மீ. திருகில் சுமார் 51. அலுமினியத் துளையில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை முறுக்கி ஏற்றியிருந்தால் புரி அழிந்திருக்கும், பந்தயத்தில் கழன்று விழும். அமெரிக்கச் சேஸிஸில் மெட்ரிக் திருகு தென்பட்டால் அங்கே பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பின் மோட்டார் பகுதியைத் தாங்கும் டி வடிவ நார்த்தட்டு, நடுத் திருகுத் துளையைச் சுற்றித்தான் முதலில் விரிசல் விடும். விரலால் முறுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வெளுத்த கோடு தெரியும். கறுப்பு கிராஃபைட் தட்டு என்பதால் புதியது, கண்ணாடி நார் என்பதால் பழையது என்று சொல்ல முடியாது. பொதுவாகக் கண்ணாடி நார் முந்தியது, ஆனால் இரண்டும் ஒரே காலத்தில் விற்றன.

ரேடியோவில்தான் அதிகப் பணம் வீணாகிறது. பொம்மைகளில் 27 அல்லது 49 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இரண்டு கார் ஒன்றாக ஓட இரண்டையும் விற்றார்கள். பந்தய வகைக்கு அமெரிக்காவில் 75 மெகாஹெர்ட்ஸும் உண்டு. 27-இல் ஆறு சேனல், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்: 26.995 பழுப்பு, 27.045 சிவப்பு, 27.095 ஆரஞ்சு, 27.145 மஞ்சள், 27.195 பச்சை, 27.255 நீலம். இந்தியாவில் 26.957 முதல் 27.283 வரை உரிமம் தேவையில்லை என்பதால் ஆறும் அதற்குள் அடங்கும், 75 அடங்காது. ரிமோட்டில் 27.145 கிறிஸ்டல் (அலைவரிசையை நிர்ணயிக்கும் சிறு பாகம்), காரின் ரிசீவரில் 26.690 என்று இருந்தால் பிழை என்று மாற்றிவிட வேண்டாம். இடையில் 0.455 வித்தியாசம் இருக்க வேண்டியதுதான், ரிசீவர் வேலை செய்யும் முறை அது. மலிவான பொம்மைகளின் ரிசீவரில் கிறிஸ்டலே இருக்காது. அங்கே ஒரு சுருள் நடுவில் ஃபெரைட் திருகு இருக்கும். ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோய் அதைத் திருப்பினால் அலைவரிசை நகர்ந்துவிடும், பல நேரம் உடைந்தும் போகும்.

வாங்கியதும் ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அமெரிக்க சார்ஜர் 120 வோல்ட்டுக்கானது, நம் 230-இல் செருகினால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யவே வேண்டாம். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, 7.2 வோல்ட் கார் என்றால் அதே வோல்ட்டில், 2 ஆம்பியர் வரம்பு வைத்த பவர் சப்ளையில் தொடங்குங்கள். பேட்டரி ஸ்பிரிங்கில் வெள்ளை உப்பு படிந்திருந்தால் அது பெரும்பாலும் கசிந்த ஆல்கலைன் செல்லின் காரம். பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இருமுறை துடையுங்கள். வயரின் செம்பு உள்ளே கறுத்திருந்தால் பற்றவைக்கும் ஈயம் பிடிக்காது. பளிச்சென்ற செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், சில நேரம் பத்து சென்டிமீட்டர்கூட. லெக்ஸான் பாடியில் தின்னரோ பெட்ரோலோ படக்கூடாது, மயிரிழை விரிசல் விடும். ஏற்கெனவே விரிந்திருந்தால் விரிசலின் நுனியில் 2 மி.மீ. துளை போட்டால் அதற்கு மேல் ஓடாது. ரப்பர் டயர் படும் இடத்தில் பிளாஸ்டிக் உருகி ஒட்டும் என்பதால் காரைச் சிறு கட்டையின் மேல் ஏற்றி வையுங்கள். ஸ்பாஞ்ச் டயருக்கும் இது நல்லது, ஒரு பக்கம் தட்டையாகிவிடாது.

கடைசியாக, உங்கள் படத்துக்கே திரும்புகிறோம். காரின் அடியில் தெரியும் ஸ்டிக்கரில் 49 என்று இருக்கிறது. பக்கத்தில் வைத்திருக்கும் ரிமோட்டின் ஆன்டெனா நுனியில் மஞ்சள் கொடி, அதாவது 27.145. அந்தக் காரும் அந்த ரிமோட்டும் ஒரு ஜோடியாகப் பிறந்தவை அல்ல. அதை வாங்க நினைப்பவர், படத்தில் இல்லாத இன்னொரு ரிமோட்டின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பழைய ரேடியோ கார் சேகரிக்கும் இரு வாசகர்கள்,
கோயம்புத்தூர்